கர்த்தர் காப்பார், காவலுக்கு நின்றவர்கள் எங்கே?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. மட்டக்களப்பு நாவலடி, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக நீண்டு கிடக்கும் மணல் திட்டு. அங்கே தயாளன் சாண்டர்ஸ் என்ற கிறிஸ்தவ ஊழியக்காரர் சமாரியன் சிறுவர் இல்லத்தை நடத்திவந்தார். இல்லத்தில் 28 பிள்ளைகள். கடல் எழும்பி வருகிறது என்று மனைவி ஓடிவந்து சொன்னதும் பிள்ளைகளைத் திரட்டி வாவிப் பக்கம் நின்ற வள்ளத்தில் ஏற்றினார். இரவானால் கழற்றி எடுத்து வைக்கும் இயந்திரத்தை முதல்நாள் இரவு கழற்றாமல் விட்டிருந்தார்கள். கயிற்றை இழுத்தவுடன் முதல் இழுவையிலேயே அது இயங்கத் தொடங்கியது. பின்னால் மலைபோல் அலை வந்தபோது வள்ளத்தில் எழுந்து நின்று, இரு கைகளையும் உயர்த்தி, இயேசுவின் பெயரால் நில் என்று அதற்குக் கட்டளையிட்டதாகவும், அலை ஒரு கணம் தயங்கி நின்றதாகவும் சாண்டர்ஸ் பிறகு சொன்னார். பிள்ளைகள் எல்லோரும் உயிரோடு கரை சேர்ந்தார்கள். இல்லம் இருந்த இடத்தில் இடிபாடுதான் மிஞ்சியது.

அமெரிக்கப் பத்திரிகைகள் வரை போன கதை அது. சபைகளில் அது சாட்சியாகச் சொல்லப்பட்டது, இன்றும் சொல்லப்படுகிறது. ஆராதனைக்கு நடுவே விசுவாசி ஒருவர் எழுந்து, கர்த்தர் எனக்கு இதைச் செய்தார் என்று சொல்லும்போது சபையே ஸ்தோத்திரம் சொல்லும். 28 பிள்ளைகளோடு தப்பி வந்த மனிதனைப் பார்த்து, அது தற்செயல், இயந்திரம் நல்ல இயந்திரம் என்று வாதாடுவது அசிங்கம். நன்றி சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு.

ஆனால் அந்தச் சாட்சியைக் கேட்கும் கூட்டத்தில் நாவலடியைச் சேர்ந்த இன்னொருவரும் இருந்திருக்கலாம். அந்த ஊரில் அன்று பெருந்தொகையானோர் மாண்டார்கள். முதல்நாள்தான் கிறிஸ்துமஸ். ஆலயத்துக்குப் போய் வந்தவர்களும், அதிகாலையில் குளித்துக் கும்பிட்டவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். அவர்களும் காப்பாற்று என்றுதான் கத்தியிருப்பார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு, கர்த்தர் தம்முடையவர்களைக் காத்தார் என்ற வாக்கியம் எப்படிக் கேட்கும்? என்னுடையதை ஏன் விட்டார் என்றுதான் கேட்கும்.

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உள்ள சிக்கல் என்று கல்முனைக் கரையில் எவரும் சொல்ல முடியாது. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று கடலை ஒட்டிய ஊர்களெல்லாம் அன்று சிதைந்தன. இலங்கையிலேயே ஆகக்கூடிய உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்தில்தான். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். அதே காலையில் வேளாங்கண்ணிப் பேராலயத்துக்குள் தண்ணீர் புகவில்லை. மாதாவின் புதுமை என்றார்கள். கிறிஸ்துமஸுக்கு வந்து கடற்கரையில் நின்ற யாத்திரிகர்களோ கூட்டங்கூட்டமாக அடித்துச் செல்லப்பட்டார்கள். இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தில் லம்புக் என்ற கடலோர ஊர் தரைமட்டமானது. பள்ளிவாசல் மட்டும் தனித்து நின்ற படம் உலகமெங்கும் போனது. ஆலயம் நின்றதைப் படம் எடுத்தவர்கள் உண்டு. ஆலயத்துக்கு வந்தவர்கள் எங்கே என்று அந்தப் படத்தைப் பார்த்துக் கேட்டவர்கள் குறைவு.

இந்தக் கேள்வியைக் கிறிஸ்தவ வேதமே கேட்டிருக்கிறது என்பதைச் சாட்சி சொல்பவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் 13ஆம் அதிகாரத்தில் ஒரு விபத்துச் செய்தி வருகிறது. எருசலேமில் சீலோவாம் என்ற இடத்தில் ஒரு கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் இறந்துபோனார்கள். ஊரில் மற்றவர்களைவிட அவர்கள்தான் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசு கூட்டத்தைக் கேட்கிறார். இல்லை என்று தானே பதிலும் சொல்கிறார். இறந்தவர்களின் கணக்கைப் பார்க்கும் வேலையை விட்டுவிட்டு உங்கள் கணக்கைப் பாருங்கள் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

யோபுவின் கதை இன்னும் கடுமையானது. முஸ்லிம்கள் அய்யூப் நபியாக அறிந்திருப்பவர் அவர். சொத்தையும் பிள்ளைகளையும் உடல்நலத்தையும் இழந்து கிடக்கும் அவரைப் பார்க்க நண்பர்கள் வருகிறார்கள். ஏழு நாள் வாய் திறக்காமல் பக்கத்தில் இருக்கிறார்கள். அதுவரை நல்ல நண்பர்கள். அதன் பிறகு கடவுளுக்காக வக்காலத்து வாங்கத் தொடங்குகிறார்கள்: நீ ஏதோ தப்புச் செய்திருப்பாய், இல்லாவிட்டால் இப்படி நடக்காது. புத்தகத்தின் முடிவில் கடவுள் கோபித்துக்கொள்வது முறையிட்டு அழுத யோபுவை அல்ல, தமக்காக வாதாடிய அந்த நண்பர்களை. சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் எல்லா மதத்து மேடைகளிலும் யோபுவின் நண்பர்கள் பேசினார்கள். சினிமா பார்த்ததால் வந்தது, பெருநாளில் குடித்ததால் வந்தது என்றெல்லாம் தண்டனைக் கதைகள் ஓடின. அலைக்குள் போன ஆறு வயதுப் பிள்ளை எந்தச் சினிமாவைப் பார்த்தது?

கடவுளின் பலத்தில் நம்பிக்கை வைப்பது என்றால் என்ன என்பதை இறக்காமத்து வெள்ளாமைக்காரரைக் கேட்டாலே ஓரளவு விளங்கும். கடலிலிருந்து உள்ளே தள்ளி, குளமும் வட்டையுமாக விரியும் ஊர் இது. முஸ்லிம்கள் பெரும்பான்மை, தேவாலய மணி இங்கே அன்றாடச் சத்தம் அல்ல. பெரும்போகத்துக்கு விதைக்கும்போது பிஸ்மி சொல்லித்தான் விதை எறிவார்கள். மழையும் விளைச்சலும் அல்லாஹ்வின் கையில் என்பதில் எவருக்கும் சந்தேகம் இல்லை. ஆனாலும் கதிர் முற்றும் காலத்தில் இரவு முழுக்கப் பரணில் ஆள் இருக்கும். டோர்ச் வெளிச்சமும் யானைவெடியும் கையில் இருக்கும். வாய்க்கால் உடைந்தால் நீர்ப்பாசனத்தைப் பார்க்கும் வட்டவிதானைக்கு அந்த நேரமே அழைப்புப் போகும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் இறைவன்மேல் பொறுப்புச் சாட்ட வேண்டும் என்ற நபிமொழியை இங்கே சின்னப் பிள்ளையும் சொல்லும். அப்படித் தவக்குல் வைத்தவன் யானைக்குக் காவல் இருப்பதைப் பார்த்து, உனக்கு ஈமான் குறைவு என்று எவரும் சொன்னதில்லை.

கிறிஸ்தவத்திலும் இதே கோட்டைத்தான் இயேசு கிழித்தார். பாதுகாப்புக்கென்றே கிறிஸ்தவ வீடுகளில் படிக்கப்படும் சங்கீதம் 91. தூதர்கள் உன்னைத் தாங்குவார்கள், கால் கல்லில் இடறாது என்ற பொருளில் வரும் அதன் வரிகளைச் சுவிசேஷத்தில் எடுத்து மேற்கோள் காட்டுபவன் யார் தெரியுமா? சாத்தான். எருசலேம் ஆலயத்தின் உச்சியில் இயேசுவை நிறுத்தி, குதி, வேதத்தில் அப்படித்தானே எழுதியிருக்கிறது என்கிறான். கடவுளைச் சோதித்துப் பார்க்கக் கூடாது என்று இயேசு மறுத்துவிடுகிறார். அந்தச் சங்கீதம் பொய் என்று அவர் சொல்லவில்லை. அதைக் காப்புறுதிப் பத்திரமாக நீட்டுவதைத்தான் ஏற்க மறுத்தார்.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலை முடிந்து பிள்ளைகள் வெளியே வந்து சிற்றுண்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முதுகில் பையோடு அறிமுகமில்லாத ஒருவர் வாசலில் நின்றார். ரமேஷ் ராஜு என்ற சபை உறுப்பினருக்கு அவரைப் பார்த்ததும் ஏதோ சரியில்லை என்று பட்டது. உள்ளே விடாமல் மறித்துப் பேசிக்கொண்டிருந்தபோது குண்டு வெடித்தது. உள்ளே நூற்றுக்கணக்கானோர் இருந்தார்கள். வெளியே முப்பது பேரளவில் இறந்தார்கள். அவர்களில் பாதிப்பேரளவு பிள்ளைகள். அன்று காலைதான் இயேசு மரணத்தை வென்று எழுந்த கதையைப் படித்த பிள்ளைகள்.

அவர்களைக் கர்த்தர் காத்தாரா? ஆம் என்று சடுதியாகச் சொல்பவரும் இல்லை என்று சடுதியாகச் சொல்பவரும் அந்த வாசலில் ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். ரமேஷ் அந்த மனிதரைத் தடுத்திராவிட்டால் இறந்தோர் தொகை பல மடங்காகியிருக்கும் என்பது சபை மக்கள் எல்லோரும் அறிந்த உண்மை. தப்பியவர்களுக்குக் கடவுளின் கை ரமேஷின் கையாகத்தான் வந்தது என்று ஒரு விசுவாசி சொன்னால் அதை மறுக்க இடமில்லை. ஆனால் அந்தக் கை ரமேஷையோ, பக்கத்தில் நின்ற பிள்ளைகளையோ காக்கவில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்த நம்பிக்கைதான் கிழக்கிலங்கைக்கு ஏற்ற நம்பிக்கை. ஒன்றை மட்டும் சொன்னால் அது விளம்பரம்.

பாபிலோனில் அக்கினிச் சூளையின் முன் நிறுத்தப்பட்ட மூன்று யூத இளைஞர்களைப் பற்றித் தானியேல் புத்தகத்தில் வருகிறது. எங்கள் கடவுள் எங்களைத் தப்புவிக்க வல்லவர், தப்புவிக்காமல் போனாலும் உன் சிலையை வணங்க மாட்டோம் என்ற கருத்தில் அவர்கள் அரசனுக்குப் பதில் சொல்கிறார்கள். பிரசங்கங்களில் முதல் பாதி இடிமுழக்கமாகக் கேட்கும். இரண்டாம் பாதியில் போதகரின் குரல் கொஞ்சம் இறங்கிவிடும். காணிக்கைப் பை வரும் நேரத்தில் இரண்டாம் பாதி வசதிப்படாது போலும்.

அந்த இரண்டாம் பாதியை வாழ்ந்து காட்டியவர்கள் இந்த மாகாணத்தில் இருந்தார்கள். இயேசு சபைக் குரு இயூஜின் ஹேபர்ட் அமெரிக்காவின் லூயிசியானாவிலிருந்து 1948இல் வந்தவர். மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியின் கூடைப்பந்து அணிகளை நாடறியச் செய்தவர். 1990 ஆகஸ்ட் கிழக்கின் மிகக் கொடிய மாதம். 3ஆம் திகதி காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர். அடுத்த வாரம் ஏறாவூரில் முஸ்லிம்கள்மீது இன்னொரு படுகொலை. தமிழர்களும் பழிவாங்கல்களில் வீழ்ந்தார்கள். அந்த நாட்களில், இடர்ப்பட்டவர்களுக்கு உதவ வாழைச்சேனைக்குப் போன ஹேபர்ட் அடிகளார் 15ஆம் திகதி பேர்ட்ரம் பிரான்சிஸ் என்ற இளைஞரோடு ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குத் திரும்பினார். ஏறாவூர்ப் பகுதியோடு இருவரின் தடமும் அற்றுப்போனது. உடல்கள் இன்றுவரை கிடைக்கவில்லை.

ஹேபர்ட்டுக்குக் கடவுள்மேல் நம்பிக்கை இருந்ததா என்று கேட்க வேண்டியதில்லை. அமெரிக்காவுக்குத் திரும்பிப் போகாமல் இருந்தவர். பாதையில் ஆபத்து இருப்பது தெரியாதவரும் அல்ல. கர்த்தர் என்னை வீட்டுக்குப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பார் என்ற கணக்கில் ஒருவர் அந்தப் பாதையில் போயிருக்க முடியாது. போக வேண்டிய இடத்துக்குப் போவது என் வேலை, மிச்சம் அவர் பாடு என்று எண்ணுபவர்தான் போயிருப்பார். காத்தான்குடியில் ஸஜ்தாவில் விழுந்தவர்களின் நம்பிக்கையும் சீயோனில் இறந்த பிள்ளைகளின் நம்பிக்கையும் குறைவானவை என்று எந்த மதத்துக்காரரும் சொல்லத் துணிய மாட்டார். அப்படியானால் நம்பியவன் தப்புவான் என்ற வாய்பாட்டையும் எல்லா மேடைகளிலிருந்தும் இறக்கிவிட வேண்டும்.

உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு இந்த நம்பிக்கைக்கு இன்னொரு சோதனையும் வந்தது. பழிவாங்கு என்ற சோதனை. குண்டுதாரிகள் முஸ்லிம் தீவிரவாதிகள் என்பதற்காக முஸ்லிம்கள்மேல் கை வைக்கக் கூடாது என்று பேராயர் மல்கம் ரஞ்சித் கத்தோலிக்கர்களைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார். ஏப்ரல் 26ஆம் திகதி சாய்ந்தமருதில் குண்டுதாரிகளின் கூட்டம் ஒளிந்திருந்த வீட்டைப் பற்றிப் பொலிசாருக்குத் தகவல் கொடுத்தவர்கள் அந்த ஊர் முஸ்லிம்கள். வீட்டுக்குள் இருந்தவர்கள் குண்டுகளை வெடிக்க வைத்தபோது அவர்களோடு அவர்களின் சொந்தப் பிள்ளைகளும் சேர்ந்தே இறந்தார்கள். கல்முனைக் கரை அன்று காவல் காத்தது. சீயோனில் ரமேஷ் செய்ததும் சாய்ந்தமருதில் அயலவர்கள் செய்ததும் ஒரே வேலைதான்.

அந்த வேலையைச் செய்யச் சம்பளம் வாங்கியவர்கள் செய்தார்களா என்பதுதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியமான கேள்வி. 2019 ஏப்ரல் 4ஆம் திகதியே தாக்குதல் பற்றி இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்தது. ஏப்ரல் 11ஆம் திகதி பொலிஸ் திணைக்களத்துக்குள் அதுபற்றிக் கடிதமும் போனது. தேவாலயங்களுக்கு எதுவும் சொல்லப்படவில்லை. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களில் 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம், தாக்குதலைத் தடுக்கத் தவறியதன் மூலம் அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்தது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாயும், பொலிஸ் மா அதிபராக இருந்த பூஜித் ஜயசுந்தரவும் அரச புலனாய்வுச் சேவையின் தலைவராக இருந்த நிலந்த ஜயவர்தனவும் தலா ஏழரைக் கோடியும், பாதுகாப்புச் செயலாளராக இருந்த ஹேமசிறி பெர்னாண்டோ ஐந்து கோடியும் கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது.

கர்த்தர் காப்பார் என்ற வாக்கியம் இப்படியானவர்களுக்கு எவ்வளவு வசதி என்று பாருங்கள். பரணில் இருக்க வேண்டியவன் தூங்கிவிட்டு, யானை வந்தது இறைநாட்டம் என்று சொன்னால் வட்டையில் எவரும் விடமாட்டார்கள். கொழும்பில் விட்டுவிடுகிறோம். தேசம் பூராவும் பிரார்த்தனைக் கூட்டம் வைத்து, மெழுகுதிரி ஏற்றி, எல்லாம் அவன் செயல் என்று கதையை முடித்துவிடுவது அரசியல்வாதிகளுக்குக் கைவந்த கலை. அவர்களுக்கு அந்த வசதியைக் கொடுக்காமல் ஆண்டுதோறும் உண்மையைச் சொல் என்று கேட்டுக்கொண்டிருக்கும் கத்தோலிக்கத் திருச்சபையின் பிடிவாதம், பல பிரசங்கங்களைவிட ஆழமான விசுவாசம்.

இதே வசதியை அம்பாறை மாவட்டமும் அடிக்கடி கொடுத்துவிடுகிறது. 2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவு மாவடிப்பள்ளியில் வெள்ளம் வீதிக்கு மேலால் பாய்ந்துகொண்டிருந்தது. நிந்தவூரில் மதரஸாவில் ஓதிவிட்டுச் சம்மாந்துறைப் பக்கம் வீடு திரும்பிய மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரம் அதைக் கடக்க முற்பட்டு அடித்துச் செல்லப்பட்டது. ஆறு மாணவர்கள் உட்பட எட்டுப் பேர் இறந்தார்கள். ஷஹீதுகள் என்று ஊர் அவர்களுக்காக அழுதது. பெற்றோருக்கு அந்த ஆறுதல் வேண்டும், அதில் கை வைக்கக் கூடாது. ஆனால் மாரி தோறும் தண்ணீர் ஏறும் வீதி அது. அங்கே அந்த வேளையில் வாகனங்களைத் திருப்பி அனுப்ப வேண்டியது யார் என்ற கேள்வியைக் களாகத்ர், அதாவது இறைவிதி, என்ற சொல்லால் மூடக் கூடாது.

நுரைச்சோலையையும் சொல்லாமல் விட முடியாது. சுனாமியில் வீடிழந்த அக்கரைப்பற்றுப் பகுதி முஸ்லிம்களுக்கென்று சவூதி அரேபியாவின் உதவியில் 500 வீடுகள் கட்டப்பட்டன. யாருக்குப் பகிர்வது என்ற வழக்கில் சிக்கி அவை ஆண்டுக்கணக்கில் காடு மண்டிக் கிடந்தன. கதவும் நிலையும் உதிர்ந்தன. இறைவன் கொடுக்கவில்லை என்று அந்த மக்கள் சொல்லவே முடியாது. கூரையோடு கொடுத்திருந்தான். இடையில் நின்றவை கோப்புகள்.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது போதகர்களுக்கும் மௌலவிமாருக்கும். தப்பியவர்களின் சாட்சியை மேடையில் ஏற்றுங்கள், தடை இல்லை. அதே மேடையில், அதே ஆராதனையில், அதே ஜும்ஆவில் தப்பாதவர்களின் பெயர்களையும் வாசியுங்கள். அவர்களின் நம்பிக்கையில் குறை இருந்ததாகத் தொனிக்கும் ஒரு சொல்கூட வாயில் வரக் கூடாது. சீயோன் பிள்ளைகளின் பெயர்களைக் காத்தான்குடிப் பள்ளிவாசலில் வாசித்தாலும், 1990 ஆகஸ்ட் 3இல் இறந்தவர்களின் பெயர்களை மட்டக்களப்புத் தேவாலயத்தில் வாசித்தாலும் எந்த மார்க்கமும் குறைந்துபோகாது.

இரண்டாவது, அலுவலகங்களுக்கு. மாவடிப்பள்ளியில் வீதிக்கு மேல் வெள்ளம் பாயும்போது வீதியை மூடுவது யார் பொறுப்பு, அங்கே இரவு பகலாக ஆள் நிறுத்துவது யார் பொறுப்பு என்பதை அடுத்த மாரி தொடங்குமுன் பிரதேச செயலகமும் வீதி அபிவிருத்தி அதிகார சபையும் பொலிசாரும் கூடி முடிவுசெய்து, எழுத்தில், பெயர் பதவியோடு ஊருக்கு அறிவிக்கட்டும்.